எக்ஸ்ரேயைப் பாதியாக்கும் அலுமினியத் தடிமனை இரட்டித்தால் கால்வாசி ஆக வேண்டாமா? என் அளவுகள் ஏன் வளைகின்றன?

ஈயக்கண்ணாடி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. ரேடியோகிராபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பிராக்டிகலில் எச்விஎல் பார்த்தோம், அதாவது குழாயிலிருந்து வருகிற எக்ஸ்ரேயைப் பாதியாக்க எத்தனை மி.மீ. அலுமினியம் வேண்டும் என்று. 80 கேவிபி (குழாய்க்குக் கொடுக்கும் உச்ச மின்னழுத்தம்), எம்ஏஎஸ் (குழாய் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) கடைசிவரை மாற்றவே இல்லை. ஒரு மி.மீ. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய் மீட்டரில் வந்ததை எழுதினேன். தகடே இல்லாதபோது வந்ததை 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு தகட்டுக்கு 77, இரண்டுக்கு 61.5, மூன்றுக்கு 49.5, நான்குக்கு 41, ஐந்துக்கு 34, ஆறுக்கு 28.5, ஏழுக்கு 24.5.

பாதி ஆவது சுமார் 2.95 மி.மீ.-இல். சரி. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஐ ஈக்வல் டு ஐநாட் இ பவர் மைனஸ் மியூ எக்ஸ் (ஐநாட் தகட்டுக்கு முன் இருந்த கதிர், ஐ தாண்டி வந்தது, எக்ஸ் தடிமன், மியூ அந்தப் பொருள் கதிரை எவ்வளவு குறைக்கும் என்கிற எண்). அதன்படி 2.95-இல் பாதி என்றால் 5.9-இல் கால்வாசி, 25 வந்திருக்க வேண்டும். எனக்கு 6 மி.மீ. வைத்த பிறகும் 28.5 நிற்கிறது, கால்வாசிக்கு வர 6.85 வரை போக வேண்டியிருக்கிறது. செமிலாக் தாளில் (ஒரு அச்சு மட்டும் லாக் அளவில் இருக்கும் தாள்) போட்டால் நேர்கோடு வரவில்லை. ஆரம்பத்தில் சரசரவென்று இறங்கி அப்புறம் மெல்லப் படுக்கிறது. லேபில் இருந்தவரிடம் காட்டினேன். "தகடு சரியில்லாமல் இருக்கும், புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்துவிடு" என்றார். இழுத்துவிட்டேன். ஆனால் என்னோடு செய்த மூன்று பேருக்கும் வளைவு ஒரே பக்கம்தான் இருக்கிறது. தகட்டின் கோளாறு என்றால் ஒருத்தருக்காவது மாறி வர வேண்டாமா?

இரண்டாவது சந்தேகம் இன்னும் அடிப்படையானது, கேட்கவே வெட்கமாக இருக்கிறது. முதல் மி.மீ. 23 எடுத்துக்கொண்டது, ஏழாவது மி.மீ. வெறும் 4. ஒரே அலுமினியம், ஒரே தடிமன். கதிர் உள்ளே போகப் போகக் களைத்துப்போய்ச் சக்தி குறையும் என்றுதான் நான் மனதில் வைத்திருந்தேன். அப்படிக் களைத்து வந்த கதிரைக் கடைசித் தகடு சுலபமாக மடக்கிப் பிடிக்க வேண்டுமே, ஏன் குறைவாகப் பிடிக்கிறது?

மூன்றாவது, ஈயத்தின் அட்டவணையில் 80 கேஇவி-யை (கிலோ எலக்ட்ரான் வோல்ட், கதிரின் சக்திக்கு அலகு) விட 100 கேஇவி-இல் மியூ அதிகமாகப் போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

மெட்பிசிக்ஸ்மாமா

முதலில், அந்த நேர்கோட்டை அழித்துவிடு. உன் அளவுகள் அருமையாக வந்திருக்கின்றன, கோடுதான் தப்பு.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது புரிந்தால் முதலாவது பாதி தானாகத் தீர்ந்துவிடும். ஃபோட்டான், அதாவது எக்ஸ்ரேயின் ஒரு துகள், களைப்பதில்லை. வகுப்பில் இருக்கிற முக்கால்வாசிப் பேரின் மனதில் இருப்பது துப்பாக்கிக் குண்டு மணல் மூட்டைக்குள் போகிற படம்தான், வேகம் குறைந்து குறைந்து நிற்கும் என்று. எலக்ட்ரான், புரோட்டான் போன்ற மின்னூட்டமுள்ள துகள்களுக்கு அந்தப் படம் ஓரளவு சரி. எக்ஸ்ரேக்கு இல்லை. ஒரு ஃபோட்டான் அலுமினியத்துக்குள் போனால் முக்கியமாக நடக்கக்கூடியது மூன்று. ஒன்றும் ஆகாமல், புறப்பட்ட அதே சக்தியோடு மறுபக்கம் வரும். இல்லை, ஏதாவது ஒரு அணுவிடம் மொத்தமாகத் தன்னைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும், இது ஃபோட்டோ எலக்ட்ரிக். இல்லை, ஒரு எலக்ட்ரானில் இடித்துக் கொஞ்சம் சக்தியை விட்டுவிட்டு வேறு திசையில் தெறித்துப் போகும், இது காம்ப்டன். நேர்க்கதிரில் மிஞ்சி வருகிற ஃபோட்டானுக்கு வழியில் எத்தனை தகடு தாண்டினோம் என்ற ஞாபகமே கிடையாது. ஏழாவது தகட்டின் வாசலில் நிற்கிற ஃபோட்டானும் முதல் தகட்டின் வாசலில் நிற்கிற ஃபோட்டானும் ஒரே சக்தி என்றால், இரண்டுக்கும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒன்றே.

வீட்டில் செய்து பார்க்கலாம். தாயம் ஆடப் புளியங்கொட்டையைத் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அப்படி ஒரு 200 கொட்டை தேய்த்து எடுத்துக்கொள். தரையில் வீசு. வெள்ளை மேலாக விழுந்ததையெல்லாம் எடுத்து ஒதுக்கிவிடு, கறுப்பாக விழுந்ததை மட்டும் திரும்ப வீசு. 200 சுமார் 100 ஆகும், 100 சுமார் 50, அப்புறம் 25. முதல் வீச்சில் 100 கொட்டை போயிற்று, நான்காவது வீச்சில் 12 தான் போயிற்று. வீசுகிற கை சோர்ந்துவிட்டது என்றா சொல்வாய்? போவதற்கு அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். ஒரு வீச்சு ஒரு எச்விஎல். எத்தனை போகிறது என்பது எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு வாக்கியத்தைக் கணக்காக எழுதினால் டிஐ ஈக்வல் டு மைனஸ் மியூ ஐ டிஎக்ஸ். அதைத் தொகையிட்டால் உங்கள் சூத்திரம். தேர்வில் கேட்பது இந்த இரண்டு வரிதான்.

சரி, வளைவுக்கு வருகிறேன். இ பவர் மைனஸ் மியூ எக்ஸ் என்பது எல்லா ஃபோட்டானும் ஒரே சக்தி என்றால்தான் செல்லும். உன் குழாய் 80 கேவிபி. அதற்கு அர்த்தம், வருகிற ஃபோட்டான்களில் மிகப் பெரியது 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பது மட்டுமே. அதற்குக் கீழே எல்லாச் சைஸிலும் வரும், டங்ஸ்டன் ஆனோடு என்பதால் 58, 59, 67 பக்கம் சில குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். கேவிபி வேறு கேஇவி வேறு என்பதை ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டிவை.

இப்போது அலுமினியம் என்ன செய்கிறது பார். ஒரு மி.மீ. அலுமினியம் 20 கேஇவி ஃபோட்டான்களில் 100-க்கு 60-ஐ நிறுத்திவிடும். 30 கேஇவி என்றால் 26. 60 கேஇவி என்றால் வெறும் 7. ஆக முதல் தகட்டில் அடிபடுவது பெரும்பாலும் சின்னப் பையன்கள். இரண்டாவது தகட்டுக்கு வந்து சேருகிற கூட்டத்தில் சராசரி சக்தி ஏறியிருக்கும். ஒரு ஃபோட்டானுக்கும் சக்தி கூடவில்லை, குறைந்தவை வெளியேறிவிட்டன. வகுப்பில் குட்டையானவர்களை வெளியே அனுப்பினால் சராசரி உயரம் ஏறும், யாரும் வளர்ந்துவிட மாட்டார்கள். இதுதான் பீம் ஹார்டனிங். உன் அளவுகளையே எடுத்து ஒவ்வொரு தகடும் தனக்கு வந்ததில் எத்தனை சதவீதம் எடுத்தது என்று போட்டுப் பார்: 23, 20, 19.5, 17, 17, 16, 14. மியூ கீழே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல எக்ஸ்பொனென்ஷியல்களைக் கூட்டினால் வருவது எக்ஸ்பொனென்ஷியல் இல்லை, செமிலாக்கில் அது இப்படித்தான் படுக்கும்.

முதல் எச்விஎல் 2.95, இரண்டாவது 6.85-இலிருந்து 2.95-ஐக் கழித்தால் 3.9. இரண்டாவது எப்போதும் பெரிதாகத்தான் வரும். சமமாக வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கணக்குப்புலி

மாமா சொன்ன கொள்கை எல்லாம் சரி, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தீர்ப்பு சொல்லிவிட்டார். அளவு எடுத்த இடத்தின் அமைப்பு என்ன? தகடு எங்கே இருந்தது, டிடெக்டர் எங்கே இருந்தது, ஃபீல்டு (கதிர் விழுகிற பரப்பு) எவ்வளவு திறந்திருந்தது? தகட்டில் தெறிக்கிற காம்ப்டன் ஃபோட்டானும் டிடெக்டருக்குள் விழுந்தால் மீட்டர் அதையும் எண்ணும், அது நேர்க்கதிர் இல்லை என்று மீட்டருக்குத் தெரியாது. தகடு கூடக் கூடத் தெறிப்பும் கூடும், அளவு இருக்க வேண்டியதை விட மேலே நிற்கும், வளைவு படுக்கும். அதாவது பீம் ஹார்டனிங் துளியும் இல்லாமலேயே இதே மாதிரி ஒரு வளைவு வரலாம். சூத்திரத்தில் இருக்கிற ஐ, ஒரு இடியும் படாமல் வந்தவற்றை மட்டுமே குறிக்கும். அதை அளக்கக் கதிர் ஒடுக்கமாக இருக்க வேண்டும், தகட்டுக்கும் டிடெக்டருக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

ஈயக்கண்ணாடி

அய்யோ, தகடுகளை டிடெக்டர் மேலேயே அடுக்கினேன் அண்ணா. ஃபீல்டு 20-க்கு 20 செ.மீ. திறந்திருந்தது. லேபில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், தகடு நழுவாமல் இருக்கும் என்று.

வெள்ளிக்கிழமை மதியம் அறை காலியாக இருக்கும். திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

கணக்குப்புலி

தகடுகளைக் கொலிமேட்டரின் (கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) வாயிலேயே டேப் போட்டு ஒட்டு. டிடெக்டர் ஃபோகஸிலிருந்து (குழாயில் கதிர் பிறக்கிற புள்ளி) ஒரு மீட்டர். ஃபீல்டு டிடெக்டரை மூடினால் போதும், அதற்கு மேல் ஒரு விரல் அகலம்கூட வேண்டாம். டிடெக்டர் மேசையில் படுக்காமல் ஏதாவது ஸ்டாண்டில் இருந்தால் இன்னும் நல்லது, மேசையிலிருந்தும் திரும்பி அடிக்கும்.

டார்க்ரூம்பெரியவர்

நான் பிசிக்ஸ் படித்தவன் இல்லை. 1980-களில் வேலைக்குச் சேர்ந்து, பிலிமை டெவலப்பரில் முக்கித் தொங்கவிட்டுக் காயவைத்த காலத்து ஆள். ஆனால் இந்தப் பொண்ணு கேட்ட விஷயம் என் கை வழியாகத் தினமும் போயிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கைக்கணக்கு: வயிறு 4 செ.மீ. கூடினால் எம்ஏஎஸ் இரண்டு மடங்கு. காலிப்பரை வைத்து அளப்போம். 20 செ.மீ. ஆளுக்கு 30 போட்டால் 24 செ.மீ. ஆளுக்கு 60, 28 செ.மீ. ஆளுக்கு 120. புதிதாக வந்த பையன்கள் "எட்டு செ.மீ. தானே சார் கூடியிருக்கிறது, எதற்கு நாலு மடங்கு?" என்று கேட்பார்கள். பிலிம் வெளுத்துப் போய் வந்தால் தானாகப் புரிந்துகொள்வார்கள். இது எக்ஸ்பொனென்ஷியல் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சதைக்கு எச்விஎல் 4 செ.மீ. பக்கம் என்பதைத்தான் அந்தக் கைக்கணக்கு வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. முதல் தகடு 23 எடுத்தது என்று நீ வருத்தப்படுகிறாய். அந்த 23 நோயாளி மேல் விழுந்தால் எங்கே போகும் தெரியுமா? தோலிலும் அதற்குக் கீழே கொஞ்சம் சதையிலும் நின்றுவிடும். பிலிம் வரைக்கும் வராது. படத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, டோஸ் மட்டும் மிச்சம். அதற்காகத்தான் குழாய் வாயிலேயே அலுமினியம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், ரிப்பேருக்கு வந்தவர் ட்யூபைக் கழற்றி மாட்டியபோது ஃபில்ட்டர் தகட்டைத் திரும்பப் போடவில்லை. ஒருவருக்கும் தெரியாது. படம் இன்னும் பளிச்சென்று வந்தது, டாக்டர் வேறு "புது ட்யூபா?" என்று பாராட்டினார். சில மாதம் கழித்து டெஸ்ட் எடுக்க வந்தவர் எச்விஎல் பார்த்துவிட்டு முகம் மாறி, என்னைக் கூப்பிட்டு, கொலிமேட்டரைத் திறக்கச் சொன்னார். அந்தத் தகடு ஸ்டோர் அலமாரியில் ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் கிடந்தது. உங்கள் எச்விஎல் பிராக்டிகல் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள், மார்க்குக்கு இல்லை.

மெட்பிசிக்ஸ்மாமா

பெரியவர் சொன்னதற்கு எண் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்தால்தான் உறைக்கும். 20 செ.மீ. தண்ணீரை வயிறு என்று வைத்துக்கொள்வோம். 60 கேஇவி-இல் தண்ணீருக்கு மியூ செ.மீ.க்கு 0.206. 20-ஆல் பெருக்கி அடுக்கில் ஏற்றினால் ஆயிரம் ஃபோட்டானில் 16 நேராக மறுபக்கம் வரும். 20 கேஇவி-இல் மியூ 0.81. இப்போது போட்டுப் பார், ஒரு கோடி ஃபோட்டான் கிளம்பினால் ஏறக்குறைய ஒன்று. மியூ நான்கு மடங்குதான் மாறியது, அடுக்கில் ஏறியதும் எங்கே போய் நிற்கிறது பார்.

அந்த 16-லும் கறுப்பு வெள்ளை வித்தியாசம் இருந்தால்தான் படம். எலும்புக்கு 60 கேஇவி-இல் மியூ 0.6, அதாவது தண்ணீரைப் போல மூன்று மடங்கு. 30 கேஇவி-இல் 2.5-க்கு மேல், தண்ணீரைப் போல ஏழு மடங்குக்குக் கிட்டே. கேவிபி குறைத்தால் எலும்பு எடுப்பாகத் தெரிவதும் இதனால்தான், அந்த டாக்டர் ஃபில்ட்டர் இல்லாத படத்தைப் பாராட்டியதும் இதனால்தான்.

கணக்குப்புலி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, அமைப்பை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பந்தயம் கட்டுகிறேன், ஒடுக்கமான கதிரில் எடுத்தாலும் வளைவு போகாது. எச்விஎல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சிடிசெல்வி

ஈயக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், எனக்குப் பிடித்ததே அதுதான்.

அச்சுப்பிழை இல்லைம்மா. ஈயத்தின் உள் வட்டத்தில், கே ஷெல்லில், இருக்கிற எலக்ட்ரான்களைப் பிடுங்கி எடுக்க 88 கேஇவி வேண்டும். 87 கேஇவி ஃபோட்டான் அந்த எலக்ட்ரானைத் தொட முடியாது, வெளி வட்டத்தில் இருப்பவற்றோடுதான் அதற்கு வியாபாரம். 88-ஐத் தாண்டிய உடனே உள்ளே இருப்பவையும் கணக்கில் சேர்ந்துவிடும், மியூ ஒரே தாவலில் நான்கு மடங்காகும். அப்புறம் மறுபடி இறங்க ஆரம்பிக்கும். சக்தி கூடினால் ஊடுருவல் கூடும் என்பது இந்தத் தாவல் இடங்களைத் தவிர மற்ற இடத்தில்தான் சரி. அரை மி.மீ. ஈயம் என்றால், நேர்க்கதிரில் 80 கேஇவி ஃபோட்டான்களில் நூற்றுக்கு 25 தாண்டிவிடும், 100 கேஇவி-இல் 4 தான் தாண்டும். முதல் தடவை கணக்குப் போட்டபோது கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். பயப்பட வேண்டாம், நாம் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு நிற்கும் இடத்துக்கு வருவது நோயாளியிடமிருந்து தெறித்து வருவது, அதுவும் 80 கேவிபி கதிர் என்றால் பெரும்பகுதி 60-க்குக் கீழேதான். 50 கேஇவி-இல் அதே ஈயம் நூற்றில் ஒன்றைத்தான் விடும்.

அயோடினுக்கு இந்தத் தாவல் 33.2-இல், பேரியத்துக்கு 37.4-இல். காண்ட்ராஸ்டுக்கு (உறுப்பு படத்தில் தெரியக் கொடுக்கிற மருந்து) இந்த இரண்டையும் பிடித்து வைத்திருப்பதற்கு உடம்பு தாங்கும் என்பது ஒரு காரணம், நம் கதிரில் ஃபோட்டான் கூட்டம் இருக்கிற பக்கமாகத் தாவல் விழுவது இன்னொரு காரணம்.

நான் தினமும் சிடியில் உட்காருகிறவள், அதனால் பீம் ஹார்டனிங்கை லேபில் வேண்டாம், திரையிலேயே காட்டுகிறேன். மூளை ஸ்கேனில் இரண்டு காதுக்கும் நடுவே, பெட்ரஸ் எலும்பு (காதை ஒட்டி உள்ளே இருக்கிற கெட்டி எலும்பு) இரண்டும் எதிரெதிரே நிற்கிற மட்டத்தில், மூளைத்தண்டு மேல் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடும். புதிதாகச் சேர்ந்தபோது இன்ஃபார்க்ட் (ரத்தம் போகாமல் செத்த திசு) என்று நினைத்து ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன், அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சிடி எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு கோட்டிலும் ஐநாட்டை ஐ-ஆல் வகுத்து லாக் எடுக்கிறது. எக்ஸ்பொனென்ஷியல் என்பதால் லாக் எடுத்ததும் வழியில் இருந்த மியூ எல்லாம் சாதாரணக் கூட்டல் கணக்காகிவிடுகிறது, அதை ஆயிரக்கணக்கான கோணத்திலிருந்து எடுத்துப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் மியூ கண்டுபிடிக்கிறது. தண்ணீரைச் சைபர், காற்றை மைனஸ் 1000 என்று வைத்து நாம் படிக்கிற ஹவுன்ஸ்ஃபீல்டு எண் அந்த மியூதான். ஆனால் இரண்டு பெட்ரஸ் எலும்பையும் துளைத்து வந்த கதிர் கடினமாகிவிட்டது, நடுவே இருக்கிற மூளையை அது சுலபமாகத் தாண்டுகிறது. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து "ஓ, இங்கே மியூ குறைவு போல" என்று கறுப்பு அடித்துவிடுகிறது. தண்ணீர் ஃபேன்டம் (தண்ணீர் நிரப்பிய சோதனைப் பாத்திரம்) ஸ்கேன் செய்தாலும், திருத்தம் போடாவிட்டால் நடுவில் எண் இறங்கிக் கிண்ணம் மாதிரி வரும்.

ஹவுன்ஸ்ஃபீல்டு 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்த இயந்திரத்தில், தலையைச் சுற்றித் தண்ணீர்ப் பெட்டி இருந்தது. கதிர் எந்தக் கோட்டில் போனாலும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தைத் தாண்டட்டும் என்று. நீ லேபில் பார்த்த அதே வளைவு, அவரும் மல்லுக்கட்டியிருக்கிறார்.

கணக்குப்புலி

லாக் எடுத்தால் கூட்டலாகிவிடும் என்ற வரியை நான் எம்.எஸ்சி. முடித்தும் இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றி.

ஈயக்கண்ணாடி

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவே இன்டர்னல் வந்துவிட்டது.

கணக்குப்புலி அண்ணா சொன்னபடி எடுத்தேன். தகடு கொலிமேட்டர் வாயில், டிடெக்டர் ஒரு மீட்டரில், ஃபீல்டு சின்னதாக. முதல் எச்விஎல் 2.95-இலிருந்து 2.8-க்கு இறங்கிவிட்டது. இரண்டாவது 3.7. ஆக அண்ணா சொன்ன தெறிப்பும் இருந்திருக்கிறது, மாமா கட்டிய பந்தயமும் ஜெயித்துவிட்டது, வளைவு அப்படியே இருக்கிறது.

அப்புறம் நானே ஒரு கணக்குப் போட்டேன், சரியா என்று பாருங்கள். 0.693-ஐ (2-இன் இயற்கை லாக்) 0.28 செ.மீ.-ஆல் வகுத்தால் மியூ சுமார் 2.48. அலுமினியத்தின் அடர்த்தி 2.7-ஆல் வகுத்தால் 0.92. அடர்த்தியால் வகுத்த மியூவைத் தருகிற அட்டவணையில் 30 கேஇவி-க்கு 1.13, 40-க்கு 0.57. நடுவே தேடினால் சுமார் 33 கேஇவி. 80 கேவிபி போட்டும் 33 தானா என்று முதலில் சந்தேகமாக இருந்தது. இரண்டாவது எச்விஎல்லுக்கு அதே கணக்கைப் போட்டால் 37 பக்கம் வருகிறது. மூன்று மி.மீ. அலுமினியத்தைத் தாண்டியதற்குள் நான்கு ஏறிவிட்டது.

புளியங்கொட்டையும் செய்தேன். விடுதியில் சமையல் அக்காவிடம் வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று பேர் தேய்த்தோம், விரல் நுனி எரிந்துவிட்டது. 200 வீசியதில் மிஞ்சியது 108, அப்புறம் 57, 33, 21, 12. பாதி பாதியாக வரவில்லையே, இதுவும் தப்பா என்று நினைத்தேன். கடைசியில் மிஞ்சிய 12-ஐக் கையில் எடுத்துப் பார்த்தால் பல கொட்டைகள் சரியாகத் தேயாமல் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு இருக்கின்றன. அந்த 12-ஐ மட்டும் பத்துத் தடவை வீசினேன். மொத்தம் 120 விழுந்ததில் 79 கறுப்பு. அதாவது கறுப்பாகவே விழுகிற கொட்டைகள்தான் கடைசிவரை தங்கியிருக்கின்றன.

மெட்பிசிக்ஸ்மாமா

இதை நான் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், கொட்டையே சொல்லிவிட்டது. இனி என் வகுப்பில் சரியாகத் தேய்க்காத கொட்டையைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.

33 சரிதான். அதற்கு எஃபெக்டிவ் எனர்ஜி என்று பெயர், உன் கதிரைப் போலவே முதல் எச்விஎல் காட்டுகிற ஒற்றைச் சக்திக் கதிர் எது என்பதுதான் அது. கேவிபியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வருவது வழக்கம். ஸ்பெக்ட்ரத்தின் சராசரி என்று எழுதிவிடாதே, சராசரி இதை விட மேலே இருக்கும். 2.8-ஐ 3.7-ஆல் வகுத்தால் 0.76, அது ஹோமோஜெனிட்டி கோஎஃபிஷியன்ட். ஒற்றைச் சக்தி என்றால் 1 வந்திருக்கும்.

ஈயக்கண்ணாடி

ரெக்கார்டு நோட்டில் எதை எழுதுவது? பழைய அளவுகளை அடித்துவிட்டுப் புதியதை எழுதலாமா? லேபில் இருப்பவர் கோபப்படுவாரோ என்று இருக்கிறது.

டார்க்ரூம்பெரியவர்

அடிக்காதே. இரண்டையும் எழுது, தகடு எங்கே இருந்தது என்று பக்கத்தில் சின்னதாக ஒரு படம் போட்டுவை. அவர் கேட்டால் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் காட்டு.